குற்றப் பரம்பரைச் சட்டமும் அதனை நீக்கிய பெரியோரும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் குடியிருப்பு அன்பர்கள், விஜயவாடாவைக் கடந்த பின் பாபட்லாவுக்கும் சீராலாவுக்கும் இடையே ஸ்டூவர்ட்புரம் என்னும் சிறு ஸ்டேஷனைக் கண்டிருக்கலாம். பெயர்ப் பலகை ஒரு நொடியில் மறைந்துவிடும். ஆயினும் அப்பெயருக்குப் பின்னால் நம் நாட்டு நீதி வரலாற்றின் ஒரு பெரும் பகுதி அடங்கியிருக்கின்றது. முனிர்காவிலே கூடி வாழும் நாம், நம் சங்கத்தின் ஆண்டு மலரில் அவ்வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

1871-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒரு மனிதன் குற்றம் செய்தால் அவனைத் தண்டிப்பது எந்நாட்டிலும் உள்ள முறை. இச்சட்டமோ ஒரு குலத்தையே குற்றவாளி என்று அறிவித்தது. அவ்வறிவிப்பு நியாயமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்றும் அச்சட்டமே விதித்தது. முதலில் வடநாட்டில் மட்டும் வழங்கிய இச்சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924-ல் மீண்டும் தொகுத்து உறுதி செய்யப்பட்டது.

நம் தென்னாட்டில் இதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்றே பெயர் வழங்கிற்று. அறிவிக்கப்பட்ட குலத்தார் தம் பெயரைப் பதிந்து கைரேகை இடவேண்டும். பலர் இரவுதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்கோ கிராம அதிகாரியிடமோ சென்று தம் இருப்பைக் காட்டவேண்டும். வெளியூர் செல்வதற்கு ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். பிறந்த குழந்தைக்கு இளம்பிள்ளைப் பருவம் கழியுமுன்னே குற்றவாளிப் பட்டம் காத்திருந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கவும் சட்டம் இடமளித்தது.

இக்குலங்கள் எவ்வாறு இந்நிலைக்கு வந்தன என்பதை இரயில்வேயில் உழைக்கும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கொறவர் என்றும் தெலுங்கு நாட்டில் எருகலர் என்றும் வழங்கப்படுவோர் பொதிமாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று, தானியத்தை மாற்றிக்கொண்டு வந்து பிழைத்தவர்கள். 1856-ல் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது. இருப்புப்பாதை நீள நீளப் பொதிமாட்டு வாணிகம் சுருங்கிற்று. அரசாங்கத்தின் உப்புக் கொள்கையும் 1876 முதல் 1878 வரை வந்த கொடும் பஞ்சமும் அவர்களை மேலும் நலித்தன. ஊர் ஊராக அலைந்து வாணிகம் செய்தவர்கள், வாணிகம் போன பின்னும் அலைந்தபோது, அந்த அலைச்சலே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. நமக்குச் சோறளிக்கும் தண்டவாளம் இன்னொருவர் சோற்றைப் பறித்தது என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது அன்றோ?

இவ்வாறு அறிவிக்கப்பட்டோரைக் குடியமர்த்தவே 1913-14 வாக்கில் சால்வேஷன் ஆர்மி என்னும் கிறிஸ்தவ சபையின் பொறுப்பில் ஸ்டூவர்ட்புரம் தோன்றியது. சென்னை அரசாங்கத்தில் பதவி வகித்த சர் ஹெரால்ட் ஸ்டூவர்ட் பெயரால் அது அமைந்தது. சீர்திருத்தம் என்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் அனுமதியின்றி வெளியேறினால் தண்டனை உண்டு. சீட்டு வாங்கி வெளியே போகும் ஊரைச் சிறை என்பதா, குடியிருப்பு என்பதா?

மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர் இச்சட்டத்தை எதிர்த்து நின்றனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்ட 16 பேர் உயிர் துறந்தனர். பின்னர் கல்விக்கென அங்கே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. அடக்குமுறையின் அருகிலேயே பள்ளிக்கூடமும் எழுந்தது ஒரு விந்தை. அப்பள்ளிகளில் பயின்று அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தோர் பலர்.

1937-ல் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இச்சட்டத்தை ஒழிப்பதையே தம் பெரும்பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தமும் இதனைக் கண்டித்துக் குரல் கொடுத்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராகவும் டாக்டர் ப. சுப்பராயன் உள்துறை அமைச்சராகவும் இருந்த 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் அம்மக்களும் விடுதலை பெற்றனர்.

ஆனால் பிற மாகாணங்கள் பலவற்றில் சட்டம் உயிரோடிருந்தது. இங்கேதான் திருச்சானூரில் 1891-ல் பிறந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற மாடபூசி அனந்தசயனம் ஐயங்காரின் பணி தொடங்குகிறது. அவர் சித்தூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1934-ல் மத்திய சட்டசபைக்கு வந்தவர். தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் சிறை சென்றவர். சிறைக்கதவின் உட்புறத்தையும் சட்டசபையின் உட்புறத்தையும் ஒருங்கே அறிந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

1949-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இச்சட்டத்தை ஆராய ஒரு குழுவை அமைத்து, அரசியல் நிர்ணய சபையின் துணைச் சபாநாயகராக இருந்த அவரைத் தலைவராக்கிற்று. அப்போது இச்சட்டத்தின் நிழலில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். குழு 1950-ல் தன் அறிக்கையை அளித்தது. பிறப்பினால் ஒருவனைக் குற்றவாளியாக்குவது புதிய அரசியல் சட்டத்தின் சமத்துவக் கொள்கைக்கு மாறானது. ஆகவே சட்டத்தை அறவே நீக்கவேண்டும் என்பது அதன் முதன்மையான முடிவு. நீக்கிவிட்டுக் கைகழுவிவிடாமல் அம்மக்களின் மறுவாழ்வுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்யவேண்டும் என்றும் குழு வற்புறுத்திற்று. அதன்படி 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி நாடெங்கும் அச்சட்டம் ஒழிந்தது. விடுவிக்கப்பட்டோர் வடநாட்டில் ‘விமுக்த ஜாதியார்’ என்றும், நம் தமிழ்நாட்டில் ‘சீர்மரபினர்’ என்றும் பெயர் பெற்றனர். ஐயங்கார் 1956-ல் லோக்சபையின் சபாநாயகராகி, பின்னர் பீகார் கவர்னராகவும் இருந்து, 1978-ல் காலமானார்.

வரலாறு இதனோடு இனிதே முடிந்தது எனின் அது உண்மையாகாது. பிறப்பைப் பாராமல், வழக்கமாகக் குற்றம் செய்வோரை மட்டும் கண்காணிக்கப் பொதுச் சட்டம் ஒன்று வேண்டும் என்றும் அதே குழு கூறியிருந்தது. சென்னையில் 1948-லேயே அத்தகைய சட்டம் வந்துவிட்டது. வேறு மாகாணங்களிலும் வந்தது. குலத்தின் பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் பல இடங்களில் போலீஸாரின் நினைவில் இருந்தது. பழைய குலத்தாரே புதிய ஏட்டிலும் ஏறினர். நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரிகூட, அதனை நடத்துவோர் மனம் மாறாவிடின், பழைய வேலையைச் செய்யும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி உச்சநீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதைத் தடுத்து, கைதிகளின் பதிவேடுகளில் சாதி எழுதும் கட்டத்தையே நீக்க ஆணையிட்டது. சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்றும் அத்தீர்ப்பு வற்புறுத்திற்று. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகள் கழித்தும் இத்தகைய ஆணை தேவைப்பட்டது.

பதிவேடு எழுதியே பிழைப்பவர் நாம். ஒரு பெயரை ஏட்டில் ஏற்ற ஒரு நிமிடம் போதும். தவறென்று தெரிந்த பின் அதை நீக்க எத்தனை கடிதங்கள், எத்தனை கையொப்பங்கள் வேண்டும் என்பதை நாளும் காண்கின்றோம். காகித ஏட்டுக்கே இவ்வளவு எனின், மனத்தின் ஏட்டுக்கு எவ்வளவு!

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று காணாமற்போயிற்று. பாத்திரம் துலக்க வந்த அம்மையார் நம் நாட்டவரே. அவர் இன்ன குலத்தார் என்று யாரோ ஒருவர் மெல்லச் சொன்னார். அன்று மாலைக்குள் நான்கு வீடுகளில் அவருக்கு வேலை போயிற்று. விளக்கை யார் எடுத்தார் என்பது இன்றளவும் தெரியாது. அவர் எடுத்தார் என்பதற்குக் குலப்பெயரைத் தவிர வேறு சான்று இருந்ததில்லை. அக்கூட்டத்தில் நாமும் நின்றோம், வாய் திறக்கவில்லை. அதனை இம்மலரில் எழுதுவது நமக்குப் பெருமையன்று. ஆயினும் மறைப்பது அதனினும் சிறுமை.

பெரியோர்கள் சட்டப் புத்தகத்திலிருந்து அப்பெயர்களை அடித்துவிட்டார்கள். நம் உள்ளத்திலிருந்து அடிக்கும் பணியை எந்தச் சட்டசபையும் நமக்காகச் செய்துதர இயலாது. அடுத்த முறை ஸ்டூவர்ட்புரத்தை வண்டி கடக்கும்போது, நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோமாக. யாதொரு பொருள் காணாமற்போயினும், முதலில் சான்றைக் கேட்போம், குலத்தைக் கேளோம். நம் சங்கம் இவ்வாண்டில் மேற்கொள்ளத்தக்க உறுதி இதுவே எனப் பணிவுடன் கூறி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!