தானே அளக்கும் காமிரா: வரலாறும் தேர்வும்

ஒரு கருவி மலிவாகும்போது அது பலர் கைக்கு வருகிறது. அது தானே இயங்கத் தொடங்கும்போது அறியாதவர் கைக்கும் வருகிறது. அச்சுப்பொறிக்கும் கடிகாரத்திற்கும் நேர்ந்த இவ்விரு மாற்றமும் நிழற்படக் காமிராவுக்கும் நேர்ந்தன. ஒரு காலத்தில் செல்வர்க்கும் தொழில் வல்லார்க்குமே உரியதாயிருந்த ஒற்றைவில்லை எதிரொளிப்புக் காமிரா, அதாவது எஸ்.எல்.ஆர். எனப் பலரும் வழங்கும் கருவி, 1970-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஆசிரியர், எழுத்தர், மாணவர் ஆகியோர் தோளிலும் தொங்கலாயிற்று. படச்சுருள் மீது இளைஞர்க்கு மீண்டும் விருப்பம் பிறந்திருக்கும் இந்நாளில், பழைய தானியங்கிக் காமிராக்கள் மறுவிற்பனைக் கடைகளில் தேடி வாங்கப்படுகின்றன. அவற்றுள் எதைத் தேர்வது என்னும் வினாவுக்கு விளம்பரத்தைவிட வரலாறே தக்க விடை தரும்.

ஆடியும் பட்டகமும்

வில்லை காணும் காட்சியையே படம் எடுப்பவரும் காணவேண்டும் என்பதே இக்காமிராவின் அடிப்படை. வில்லைக்குப் பின்னே சாய்வாக நிற்கும் ஓர் ஆடி ஒளியை மேல்நோக்கித் திருப்புகிறது. விசையை அழுத்தியதும் ஆடி விலக, ஒளி படச்சுருளில் விழுகிறது. இவ்வமைப்புக்கு ஆங்கிலேயரான தாமஸ் சட்டன் 1861-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும், 35 மில்லிமீட்டர் சுருளுக்கு ஏற்ற சிறு வடிவில் அது வெளிவர எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இஹாகே நிறுவனம் செய்த கினே எக்சாக்டா 1936-இல் விற்பனைக்கு வந்தது.

அக்கருவியை மார்பளவில் வைத்துக் குனிந்து நோக்க வேண்டும். காட்சி இடம் வலமாக மாறித் தோன்றும். படம் எடுத்தவுடன் ஆடி மேலேயே நின்றுவிடுவதால், அடுத்த படத்திற்குச் சுருளை நகர்த்தும்வரை காட்சி இருண்டிருக்கும். இக்குறைகள் ஒவ்வொன்றாக நீங்கின. ஐங்கோணப் பட்டகம் பொருத்திய காண்டாக்ஸ் எஸ் 1949-இல் வந்தபின், காட்சியைக் கண்மட்டத்தில் நேராகக் காண முடிந்தது. 1954-இல் ஜப்பானின் அசாகி நிறுவனம் வெளியிட்ட அசாகிஃப்ளெக்ஸ் இரண்டு-பி, விலகிய ஆடி உடனே தன்னிலைக்கு மீளும் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1959-இல் நிக்கான் எஃப் தோன்றியபின் செய்தியாளர் பலர் இவ்வகைக்கு மாறினர்.

காணும் துன்பம் தீர்ந்தது. அளக்கும் துன்பம் எஞ்சியது.

அளவை என்னும் சிக்கல்

படச்சுருளில் விழும் ஒளியின் அளவை இரண்டு நிருணயிக்கின்றன. ஒன்று வில்லையின் ஒளித்துளை. மற்றொன்று ஷட்டர் திறந்திருக்கும் நேரம். குழாயின் வாயை அகலத் திறந்து சிறிது நேரத்தில் குடத்தை நிரப்பலாம். குறுகத் திறந்து நெடுநேரத்திலும் நிரப்பலாம். குடம் நிரம்புவது ஒன்றே. ஆயினும் படத்தில் விளைவு ஒன்றன்று. அகன்ற துளை முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்புலத்தை மங்கச் செய்யும். குறுகிய துளை அருகும் தொலைவும் தெளியச் செய்யும். விநாடியில் 500-இல் ஒரு பங்கு ஓடுவோனை நிறுத்திக் காட்டும். 15-இல் ஒரு பங்கு அவனைக் கலங்கலாக்கும். எனவே அளவையைக் கற்பது கணக்கை மட்டும் கற்பதன்று; எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் தேர்வையும் கற்பதாகும்.

பழையோர் இதனை ஒரு விதியால் கையாண்டனர். நல்ல வெயிலில் ஒளித்துளையை 16-இல் வைத்து, ஷட்டர் நேரத்தைச் சுருளின் வேக எண்ணுக்கு ஏற்பக் கொள்வர். வேகம் 100 எனின் நேரம் விநாடியில் ஏறத்தாழ 100-இல் ஒரு பங்கு. பிறகு தனி ஒளிமானிகள் வந்தன. ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் செலினியம் தகடு ஒரு முள்ளை அசைக்க, அது காட்டும் எண்ணைப் பார்த்துக் காமிராவில் திருப்பி வைப்பர்.

இம்முள்ளையே காமிராவுக்குள் வைத்து, விசையை அழுத்தும்போது அதைப் பற்றிப் பிடித்து, அது நின்ற இடத்திற்கேற்பத் துளையைத் தானே அமையச் செய்த முதற்கருவி கோடாக் நிறுவனத்தின் சூப்பர் கோடாக் சிக்ஸ்-20 ஆகும். ஆண்டு 1938, விலை 225 அமெரிக்க வெள்ளி. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆதலால் ஆயிரத்துக்கும் குறைவான காமிராக்களே செய்யப்பட்டன. அதே நிறுவனம் 1900-இல் பிரௌனி பெட்டிக் காமிராவை ஒரு வெள்ளிக்கு விற்றிருந்தது. தானியங்கும் திறமும் மலிவும் ஒன்றுசேர இன்னும் நெடுங்காலம் ஆகவேண்டியிருந்தது.

மின்னணுவும் மலிவும்

எஸ்.எல்.ஆர். வகையில் ஒளிமானி வில்லையின் வழியாகவே அளக்கும் முறையை 1963-இல் ஜப்பானின் டாப்கான் ஆர்.ஈ. சூப்பர் தொடங்கியது, 1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் அதைப் பரப்பியது. அளந்து காட்டுவது காமிராவின் வேலையாக இருந்தது. திருப்பி வைப்பது மனிதர் வேலையாகவே இருந்தது. இலை ஷட்டர் கொண்ட சில கருவிகள் முன்னரே தாமாக அமைந்தன எனினும், விரைவான குவியத்தள ஷட்டர் கொண்ட 35 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். காமிராவில் தானியங்கு முறையை 1965-இல் கோனிக்கா ஆட்டோரிஃப்ளெக்ஸ் கொணர்ந்தது. நேரத்தை மனிதர் குறிக்க, துளையைக் கருவி அமைத்தது. 1971-இல் பென்டாக்ஸ் எலக்ட்ரோ ஸ்பாட்மேட்டிக் இம்முறையைத் தலைகீழாக்கிற்று. துளையை மனிதர் குறிக்க, மின்னணுச் சுற்று ஷட்டர் நேரத்தை அமைத்தது.

பெருந்திருப்பம் 1976-இல் நேர்ந்தது. கேனான் ஏ.ஈ.-1 என்னும் காமிராவில் முதன்முறையாக நுண்செயலி ஒன்று இடம்பெற்றது. அதன் பயன் அளவையில் மட்டும் வெளிப்படவில்லை; தொழிற்சாலையிலும் வெளிப்பட்டது. பற்சக்கரமும் வில்லும் நெம்புகோலும் செய்த வேலைகளைச் சில்லுகள் ஏற்றதால் ஏறத்தாழ 300 உறுப்புகள் குறைந்தன. பொருத்தும் பணியிற் பெரும்பகுதி எந்திரங்கள் வசமாயிற்று. தானியங்கு முறை விலையைக் கூட்டும் என்ற நிலை மாறி, விலையைக் குறைக்கும் வழியே அதுவாயிற்று.

அதன்பின் போட்டி மூண்டது. துளையும் நேரமும் இரண்டில் எதை மனிதர் குறித்தாலும் மற்றொன்றைத் தானே அமைக்கும் மினோல்டா எக்ஸ்.டி. 1977-இல் வந்தது. இரண்டையும் தானே அமைத்துக்கொள்ளும் கேனான் ஏ-1 1978-இல் வந்தது. புதியவர்க்கென்றே நிக்கான் ஈ.எம்., ஒலிம்பஸ் ஓ.எம்.10 ஆகியவை 1979-இல் வெளிவந்தன. 1985-இல் மினோல்டா 7000 குவியத்தையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. இருபதே ஆண்டுகளில் அளத்தல், அமைத்தல், குவித்தல் ஆகிய மூன்றும் மனிதர் கையை விட்டு நீங்கின.

சிங்கப்பூரில் செய்த காமிரா

இவ்வரலாற்றில் நம் வட்டாரத்திற்கும் ஓர் இடம் உண்டு. ஜப்பானியப் போட்டியைத் தாங்க இயலாத ஜெர்மானிய ரோலை நிறுவனம், கூலிச் செலவைக் குறைக்க வேண்டி 1971-இல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ரோலை 35 என்னும் சிறு காமிரா முன்பு ப்ரௌன்ஷ்வைக் நகரில் செய்யப்பட்டது. பின்பு சிங்கப்பூரில் செய்யப்பட்டது. ரோலைஃப்ளெக்ஸ் எஸ்.எல்.35 வரிசை எஸ்.எல்.ஆர். காமிராக்களும் அவ்வாறே. அவற்றுள் 1978-இல் வந்த எஸ்.எல்.35 ஈ தானியங்கி வகையைச் சேர்ந்தது. தீவின் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வில்லை தேய்க்கவும் ஷட்டர் பொருத்தவும் கற்றனர். 1973-இல் அரசும் நிறுவனமும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தையும் நிறுவின.

ஆயினும் 1981-இல் நிறுவனம் நொடித்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. கூலியைக் குறைத்து மலிவைத் தேடியவர், உறுப்புகளைக் குறைத்து மலிவைக் கண்டவரிடம் தோற்றனர். தொழிற்சாலை நின்றாலும், நுண்பொறித் தொழிலிற் கைதேர்ந்த ஒரு தலைமுறை எஞ்சி நின்றது. கல்வியின் பயன் முதலீட்டின் ஆயுளைவிட நீண்டது என்பதற்கு இது சான்று.

காமிராவுக்குத் தெரியாதது

தானியங்கி எதை அளக்கிறது? காட்சியின் சராசரியை அளக்கிறது. உலகில் உள்ளவையெல்லாம் கலந்தால் ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமாகும் என்ற கொள்கையின் மீதே அதன் கணக்கு நிற்கிறது. காட்சி அவ்வாறு அமைந்தால் படம் செம்மையாகும். அமையாவிடின் கருவி தவறும்.

பள்ளி ஆண்டிறுதிக் குழுப்படம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கின்றனர். பின்னே சுண்ணாம்பு பூசிய சுவர். கருவி வெண்மையைக் கண்டு ஒளி மிகுதி எனக் கருதி அதைக் குறைக்கிறது. சட்டை சாம்பலாகிறது, கறுத்த முகங்களோ கண்ணும் புன்னகையும் தெரியாத நிழல்களாகின்றன. அப்படத்தை வாங்கிச் செல்லும் தாய் தன் மகனை வரிசை எண்ணிக் கண்டுபிடிக்க நேரும். கருவியிற் பழுதில்லை, அது சொன்னபடியே செய்தது. எவர் முகம் எடுக்கப்படுகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

இக்குறை அளவையோடு நிற்கவில்லை. வண்ணப்படக் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க நெடுங்காலம் பயன்பட்ட ஷெர்லி அட்டை எனப்படும் மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண்ணே. அத்தோல் நன்றாக வந்தால் எல்லாம் நன்றாக வந்ததாகக் கொள்ளப்பட்டது. பலவகைத் தோல் நிறமுடையோர் சேர்ந்த அட்டைகள் பின்னரே வழக்கிற்கு வந்தன. எனவே கறுத்த முகங்களைப் படமெடுப்போர்க்குத் தானியங்கியை எப்போது மறுப்பது என்னும் அறிவு, தேவைக்கு மேற்பட்ட நுணுக்கம் அன்று, முதற்பாடமே ஆகும்.

கருவி செய்தோரும் இதனை உணர்ந்திருந்தனர். கேனான் ஏ.ஈ.-1-இல் ஒளியை ஒன்றரைப் படி கூட்டும் பொத்தானும், நிக்கான் ஈ.எம்.-இல் இரண்டு படி கூட்டும் பொத்தானும் உள்ளன. முகத்துக்குப் பின்னே ஒளி மிகும்போது அவற்றை அழுத்த வேண்டும். பொத்தான் இல்லாத கருவியில் சுருள் வேகத்தை 200-க்குப் பதில் 100 எனத் திருப்பி வைத்தால் ஒளி இரட்டிக்கும். நெகட்டிவ் சுருள் ஒளி மிகுதியை ஓரளவு பொறுக்கும், குறைவைப் பொறுக்காது. ஐயம் நேரும்போது சற்றே கூட்டுவது நலம்.

தொடக்கநிலையாளர்க்கு எது?

இன்று கிடைப்பவற்றை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம். முதல் தலைமுறையில் பொறிமுறைக் கருவிகள் உள்ளன. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்ட பென்டாக்ஸ் கே1000 இதற்கு எடுத்துக்காட்டு. மின்கலம் இன்றியும் இது படமெடுக்கும். ஆனால் தானியங்கி அன்று. இவ்வகையில் மிகப் பழையன சில, இப்போது செய்யப்படாத பாதரச மின்கலத்தை வேண்டுபவை என்பதும் கருதத் தக்கது.

இரண்டாம் தலைமுறை 1976-க்குப் பிந்திய மின்னணுத் தானியங்கிகள். ஏ.ஈ.-1 மின்கலம் இன்றேல் அசையாது. நிக்கான் எஃப்.ஈ. மின்கலம் தீர்ந்தாலும் விநாடியில் 90-இல் ஒரு பங்கு வேகத்தில் இயங்கும். அதன் காட்சித் திரையில் கருவி கூறும் நேரத்தையும் மனிதர் வைத்த நேரத்தையும் இரு முட்கள் அருகருகே காட்டுவதால், கற்போர்க்கு அதுவே சிறந்த ஆசான் எனலாம். ஓ.எம்.10-இல் நேரத்தைக் கையால் வைப்பதற்குத் தனி இணைப்பு ஒன்று வேண்டும். வாங்கும்போது அது உடனிருக்கிறதா எனக் காண்க.

மூன்றாம் தலைமுறை தானே குவியும் நெகிழிக் காமிராக்கள். கேனான் ஈ.ஓ.எஸ். 300 (1999), நிக்கான் எஃப்-80 (2000) போன்றவை. அழகு குறைவாதலின் சேகரிப்போர் இவற்றை நாடுவதில்லை. அதனால் விலையும் பெரும்பாலும் குறைவு. எனினும் முழுத் தானியங்கு முதல் முழுக் கைவினை வரை எல்லா முறைகளும் இவற்றில் உண்டு. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. 1987 முதல் வந்த கேனான் ஈ.எஃப். வில்லைகள் ஈ.ஓ.எஸ். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் பொருந்தும். சிக்கனம் கருதுவோர் இங்குத் தொடங்குவதே அறிவுடைமை.

எதை வாங்கினும் மின்கல அறையில் பச்சைக் களிம்பு உண்டா, பின்கதவின் ஒளிதடுப்புப் பஞ்சு பிசுபிசுத்ததா எனப் பார்த்தல் வேண்டும். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் உண்டா எனவும் நோக்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லைக்குப் பெரும்பகை அதுவே. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தால் கருவி நெடுநாள் உழைக்கும்.

கோனிக்காவும் மினோல்டாவும் 2003-இல் ஒன்றாகி, 2006-இல் காமிராத் தொழிலை விட்டே விலகின. கோடாக் நிறுவனம் 2012-இல் கடனாளிப் பாதுகாப்பை நாடியது. செய்த நிறுவனங்கள் சில அத்தொழிலை விட்டு நீங்கியும் அவற்றின் கருவிகள் இன்றும் அளந்துகொண்டிருக்கின்றன. அளப்பது அவற்றின் வேலை. வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே எவர் முகம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர் வேலை. அவ்வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இடந்தரும் காமிராவைத் தேர்பவரே நன்கு தேர்ந்தவர் ஆவர்.