தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர் கருவிகளும் வில்லைப் பொருத்தியும்

வில்லைப் பொருத்தி என்பது ஒளிப்படக்கருவியின் உடற்பகுதியையும் கழற்றி மாற்றத்தக்க வில்லையையும் இணைக்கும் வளைய அமைப்பு ஆகும். டி.எஸ்.எல்.ஆர் எனப்படும் எண்ணிம ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவியைப் புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் உடற்பகுதியின் திறனையும் விலையையுமே ஒப்பிடுகின்றனர். ஆனால் எந்த வில்லை அக்கருவியில் முழுமையாக இயங்கும் என்பது, எண்ணிமக் கருவிகள் பரவுவதற்கு முன்பே நிறுவனங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்தது. நிக்கான், கேனான் ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

இரு வேறு முடிவுகள்

நிக்கான் 1959-இல் 'எஃப்' பொருத்தியை அறிமுகப்படுத்தியது. 1985-இல் மினோல்டா 7000 கருவி தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியபோதும் நிக்கான் தன் வளையத்தை மாற்றவில்லை. 1986-இல் வெளிவந்த எஃப்-501 கருவியில் மின்னோடி உடற்பகுதிக்குள் வைக்கப்பட்டது. வளையத்தில் இருந்த சிறு திருகுமுனை வழியாக அது வில்லையை இயக்கியது.

கேனான் வேறு வழியைத் தேர்ந்தது. 1971 முதல் பயன்பட்ட 'எஃப்டி' பொருத்தியைக் கைவிட்டு, 1987-இல் ஈஓஎஸ் 650 கருவியுடன் 'ஈஎஃப்' பொருத்தியைக் கொண்டுவந்தது. தானியங்கிக் குவியத்துக்கான மின்னோடி வில்லைக்குள்ளேயே அமைந்தது. கருவியும் வில்லையும் மின்தொடுமுனைகள் வழியே தொடர்பு கொண்டன. பழைய வில்லைகளில் பெரும்பணம் செலவிட்டிருந்தோருக்கு இது இழப்பாக அமைந்தது.

தொடக்கநிலைக் கருவிகளில் விளைவு

2003-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 300டி, அமெரிக்காவில் 1000 டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. 1987-இல் வாங்கிய ஈஎஃப் வில்லையும் அதில் தானாகவே குவிந்தது. 2006-இல் வந்த நிக்கான் டி40 கருவியிலோ, எடையையும் விலையையும் குறைக்கும் வகையில் உள் மின்னோடி நீக்கப்பட்டிருந்தது. டி3000, டி5000 வரிசைகளும் அவ்வாறே அமைந்தன. மின்னோடியற்ற பழைய நிக்கான் வில்லைகள் இவற்றில் பொருந்தும். ஆனால் கையால்தான் குவிக்க வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' குறியுள்ள வில்லைகளில் இச்சிக்கல் இல்லை. பழைய வளையத்தைக் காத்த நிறுவனத்தின் தொடக்கநிலைக் கருவிகளிலேயே வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள நேர்ந்தது.

இக்கருவிகளின் உணரி 36×24 மி.மீ. படச்சுருளைவிடச் சிறியது. எனவே 50 மி.மீ. வில்லையின் பார்வைக் கோணம் கேனானில் ஏறத்தாழ 80 மி.மீ., நிக்கானில் 75 மி.மீ. வில்லைக்கு இணையாகச் சுருங்கும். உருவப்படத்துக்கு இது ஏற்றது. சிறிய அறைக்குள் குழுப்படம் எடுக்க உதவாது. கருவியுடன் வழங்கப்படும் 18–55 மி.மீ. வில்லை இக்குறையை ஈடுசெய்கிறது. சிறிய உணரிக்கென உருவான கேனான் 'ஈஎஃப்-எஸ்' வில்லைகள் முழுச்சட்டக டி.எஸ்.எல்.ஆர் கருவிகளில் பொருந்தா.

துணைக்கருவிகள்

முக்காலியின் கால் அங்குலத் திருகு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. ஒளிவீச்சு விளக்கு அவ்வாறன்று. நடுத் தொடுமுனை ஒன்றாக இருந்தாலும், தானியங்கி ஒளி அளவீட்டுக்கான பிற முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். புறஊதா வடிகட்டி படச்சுருள் காலத்தில் மங்கலைக் குறைக்கப் பயன்பட்டது. எண்ணிம உணரியின் முன்னரே இத்தகைய வடிகட்டி இருப்பதால், இன்று அது பெரும்பாலும் வில்லைக் கண்ணாடிக்கான பாதுகாப்பு மட்டுமே. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் வில்லைக்குள் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகா பெட்டி சிறு செலவில் அதைத் தடுக்கும்.

இன்றைய நிலை

2018-இல் நிக்கான் 'இசட்', கேனான் 'ஆர்எஃப்' என்னும் புதிய பொருத்திகளை ஆடியற்ற கருவிகளுக்காக வெளியிட்டன. டி.எஸ்.எல்.ஆர் வில்லைகளை இணைப்பி மூலம் அவற்றிலும் பொருத்தலாம். எனினும் நிக்கானின் எஃப்டிஇசட் இணைப்பியில் மின்னோடி இல்லாததால், திருகுமுனை வில்லைகள் அங்கும் கையால்தான் குவிகின்றன. பழைய வில்லைகள் மலிவாகக் கைமாறும் இக்காலத்தில், விலையைக் கேட்கும் முன் பொருத்தி, மின்னோடி, உணரி அளவு ஆகிய மூன்றையும் சரிபார்ப்பது வாங்குவோருக்கு நன்மை தரும்.