வாரண்டி யாருக்கு? ஹார்ட் டிஸ்க்கின் 70 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இன்றைக்கு ஒரு சத்தத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். டிக்... டிக்... டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக்... டிக். ஹார்ட் டிஸ்க் வச்சிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்கியிருக்கும்.

நான் முதல்முறை இதைக் கேட்டது 2015-ல். அப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா ராசிபுரத்தில் சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கார். கல்யாண வீடியோ, போட்டோ, காதுகுத்து எல்லாம் எடுப்பார். கேமரா கார்டில் இருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுவார், கார்டை ஃபார்மட் பண்ணுவார், அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்புவார். கார்டு விலை அப்படி. அந்த டிஸ்க் தான் ஒரு நாள் காலையில் டிக் டிக்னு ஆரம்பிச்சது. உள்ளே எடிட் பண்ணாத ஒரு முழுக் கல்யாணம். முகூர்த்தம் உட்பட.

அந்தச் சத்தம் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். டிஸ்க்குக்குள்ளே தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், ஹெட் காற்றில் மிதக்கும். தான் எந்த டிராக்கில் நிக்கிறோம்னு தெரிஞ்சுக்க, தட்டிலேயே எழுதி வச்சிருக்கிற அடையாளங்களை அது படிக்கணும். படிக்க முடியலைன்னா கை ஆரம்ப இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி முயற்சி பண்ணும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு டிக்.

டிஸ்க்குக்கு 2 வருஷ வாரண்டி, அதில் இன்னும் 3 மாசம் பாக்கி இருந்தது. அப்பாடான்னு இருந்தது எனக்கு. சேலத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப சாதாரணமா ஒரு கேள்வி கேட்டார்: "சார், உங்களுக்கு டிஸ்க் வேணுமா, டேட்டா வேணுமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் எழுபது வருஷ வரலாறு இருக்குன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. இன்றைய எபிசோட் அதைப் பத்தித்தான்.

வாடகைக் காலம்

1956. கலிபோர்னியாவில் சான் ஹோசே. ரெனால்ட் ஜான்சன் தலைமையில் ஐபிஎம் குழு ஒன்று உருவாக்கிய ராமாக் கணினி வெளியே வருகிறது. அதில் இருந்த ஐபிஎம் 350 தான் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைப் பிடிக்கும். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதில் அடங்குமான்னு சந்தேகம். எடை சுமார் ஒரு டன். ஹெட் தட்டைத் தொட்டுவிடாமல் இருக்க, வெளியே இருந்து கம்ப்ரஸர் வைத்துக் காற்றை அடித்தார்கள்.

இதெல்லாம் இணையத்தில் எல்லாரும் சொல்கிற தகவல். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் இதை விலைக்கு வாங்கவில்லை. மாதம் சுமார் 3,200 டாலர் கொடுத்து, மொத்தக் கணினியையும் வாடகைக்கு எடுத்தார்கள். பராமரிப்பும் அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம். டிஸ்க் ரிப்பேரா? ஐபிஎம் இன்ஜினியர் பெட்டியோடு வந்து நிற்பார். பொருள் அவர்களுடையது, கெட்டுப்போனால் தலைவலியும் அவர்களுடையது.

அதாவது, வாரண்டி என்கிற வார்த்தைக்கே அங்கே வேலை இல்லை. வீட்டுக்காரர் வீட்டில் குழாய் ஒழுகினால் நாம் வாரண்டி கார்டையா தேடுவோம்?

டிஸ்க் நம் கைக்கு வந்தது

1973-ல் ஐபிஎம் 3340 வந்தது. வின்செஸ்டர் என்பது அதன் செல்லப்பெயர். தட்டையும் ஹெட்டையும் தூசி போகாமல் ஒரே பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். இன்றைக்கும் நாம் வாங்குகிற டிஸ்க் அந்த வம்சம்தான். 1980-ல் ஆலன் ஷுகார்ட்டின் கம்பெனி, பின்னாளில் சீகேட், 5.25 அங்குலத்தில் 5 எம்பி டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தது. டிஸ்க் மேசைக் கணினிக்குள் நுழைந்தது.

இங்கேதான் ஒரு சத்தமில்லாத மாற்றம் நடக்கிறது. வாடகைப் பொருள் விலைப் பொருள் ஆகிறது. பெட்டியோடு வந்த இன்ஜினியர் காணாமல் போகிறார். அவர் இடத்தில் ஒரு அட்டை வருகிறது, அதில் ஒரு சீரியல் நம்பர், ஒரு காலக்கெடு. கெட்டுப்போகும் அபாயத்தில் கொஞ்சம் மட்டும் கம்பெனி தோளில். மிச்சம் நம் தோளில்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள். 1988-ல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ரேண்டி காட்ஸ் மூன்று பேரும் சேர்ந்து ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு மலிவு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டினால்? ஏதாவது ஒன்று சாக, சராசரியாக 300 மணி நேரம் போதும். இரண்டு வாரம்கூட இல்லை. அதனால் டிஸ்க் சாகாது என்று நம்பாதே, சாகும் என்று வைத்துக்கொண்டே சிஸ்டத்தைக் கட்டு என்றார்கள். இன்றைய கிளவுட் முழுக்க இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

வாரண்டி ஏறி இறங்கிய கதை

2000-ல் ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்று ஒரு மாடலை விட்டது. கண்ணாடித் தட்டு, நல்ல வேகம். கொஞ்ச நாளிலேயே அது இறந்துபோகிற வேகமும் தெரிந்துவிட்டது. ஜனங்கள் அதற்கு டெத்ஸ்டார் என்று பேர் வைத்தார்கள். 2001-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். சில வருஷம் இழுத்து 2005-ல் சமரசம் ஆனது. தகுதி உள்ளவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் வரை. அதற்குள் ஐபிஎம் தன் டிஸ்க் தொழிலையே ஹிட்டாச்சிக்கு விற்றுவிட்டது. டிஸ்க்கைக் கண்டுபிடித்த கம்பெனி டிஸ்க் செய்வதை நிறுத்திக்கொண்டது.

இப்போ இந்தத் தேதிகளை வரிசையாகக் கவனிங்க.

2002 அக்டோபர்: மேக்ஸ்டார், வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் மூன்றும் பெரும்பாலான மேசைக் கணினி டிஸ்க்குகளுக்கு வாரண்டியை 3 வருஷத்திலிருந்து 1 வருஷமாகக் குறைத்தன. ஒரே மாசத்தில், மூன்று கம்பெனி.

2004: சீகேட் தன் இன்டர்னல் டிஸ்க்குகளுக்கு 5 வருஷ வாரண்டி என்று அறிவித்தது.

2011 அக்டோபர்: தாய்லாந்தில் பெருவெள்ளம். உலக டிஸ்க் உற்பத்தியில் பெரும்பங்கு அங்கேதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. அதே டிசம்பரில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களின் வாரண்டியைக் குறைக்கப்போவதாக அறிவித்தன. சில 5-லிருந்து 3, சில 3-லிருந்து 2, சில 1.

ஒன்று, அஞ்சு, மறுபடி ரெண்டு. பத்து வருஷத்தில் டிஸ்க்கின் இயற்பியல் இப்படி ஏறி இறங்கியிருக்குமா? எனக்கு அப்படித் தோணலை. வாரண்டிக் காலத்தைப் பார்த்து 'இந்த டிஸ்க் இத்தனை வருஷம் உழைக்கும்'னு நாம நினைச்சுக்கறோம். அது சந்தை எப்படி இருக்கு, போட்டி எப்படி இருக்குன்னு பார்த்து எழுதின எண்ணும்தான். எங்க அப்பா 2013 கடைசியில் வாங்கின டிஸ்க்கும் அந்த வெள்ளத்துக்குப் பிந்தைய 2 வருஷ வாரண்டிக் காலத்து டிஸ்க்தான்.

10 லட்சம் மணி நேரம்

2007 பிப்ரவரியில், அதே சான் ஹோசேவில் ஒரு மாநாடு. ராமாக் பிறந்த ஊர். அங்கே இரண்டு ஆய்வுகள் வந்தன. இந்தத் துறையின் வாயை அடைத்தவை என்றே சொல்லலாம்.

முதல் ஆய்வு, பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்ஸனும் எழுதியது. ஆமாம், ரெய்டு கட்டுரையின் அதே கிப்ஸன். அன்றைய டேட்டா ஷீட்டுகளில் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம், அதற்கும் மேலே என்றெல்லாம் போட்டிருப்பார்கள். வகுத்துப் பாருங்கள், 114 வருஷம்! உண்மையில் அதற்கு அர்த்தம், 100 டிஸ்க் ஓடினால் ஒரு வருஷத்தில் ஒன்றுகூட முழுசாகச் சாகாது, 0.88 தான். இவர்கள் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 2 முதல் 4 வரை சாதாரணமாக இருந்தது. ஒரு இடத்தில் 13 வரைக்கும் போயிருந்தது. 'ஆரம்பத்தில் கொஞ்சம் சாகும், அப்புறம் பல வருஷம் நிம்மதி' என்கிற நம்பிக்கையும் அடிபட்டது. வயசு ஏற ஏற, சாவும் ஏறிக்கொண்டே போனது.

இரண்டாவது, கூகுள் ஆய்வு. இதுவும் ஒரு லட்சத்துக்கு மேல் டிஸ்க். டிஸ்க் தன் உடம்பைத் தானே சோதித்துச் சொல்லும் ஸ்மார்ட் என்ற வசதி இருக்கு இல்லையா? அதை நம்பலாமா என்று பார்த்தார்கள். தட்டை ஸ்கேன் பண்ணும்போது முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆக, எச்சரிக்கை வந்தால் அலட்சியம் கூடாது. ஆனால் செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் அளவிலும் ஒரு சின்ன அறிகுறிகூடக் காட்டவில்லை. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, காலையில் பார்த்தா இல்லை. அப்படித்தான்.

டிஸ்க்கா, டேட்டாவா

சேலம் கவுன்டருக்குத் திரும்பி வருவோம்.

டிஸ்க் வேணும்னா, இதைக் கொடுத்துட்டு புதுசு வாங்கிக்கலாம். பழைய டிஸ்க் திரும்பி வராது. டேட்டா வேணும்னா, சென்னையில் ரெக்கவரி பண்றவங்ககிட்ட போகணும். அவங்க சீலைப் பிரிப்பாங்க. கம்பெனி அனுமதி இல்லாம சீல் பிரிஞ்சா வாரண்டி இல்லை. விசாரித்தோம், 38,000 ரூபாய் சொன்னார்கள். டிஸ்க்கின் விலை ஐயாயிரத்துச் சொச்சம். அந்தக் கல்யாண வீடியோவுக்கு அப்பா பேசியிருந்த மொத்தத் தொகை 45,000.

நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். "அப்பா, டிஸ்க்கை வாங்கிக்கலாம். அவங்ககிட்ட உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். நஷ்டம் கம்மி."

அப்பா டிஸ்க்கை வாங்கிப் பைக்குள்ள வச்சார். "கண்ணு, பணத்தைத் திருப்பிக் குடுத்தா அவங்க மறுபடி ஒருக்கா தாலி கட்டுவாங்களா?"

மூணு வாரம் கழிச்சு டேட்டா வந்தது. சீர்வரிசை, ஊர்வலம், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் முழுசா இருந்தது. முகூர்த்தம் 40 நிமிஷ ஃபைல், அதில் 11 நிமிஷம்தான் ஓடியது. தாலி கட்டுற இடம் அதுக்குள்ளே இருந்தது. பாதிப் படம் பச்சைக் கட்டம் கட்டமா, நாதஸ்வரம் மட்டும் சுத்தமா. அப்பா நேரா பொண்ணு வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, பாதித் தொகையைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தார். அவங்க சண்டை போடலை. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தெருவில் இருந்து ரொம்ப நாளைக்கு ஒரு ஆர்டரும் வரலை.

2019-ல் எனக்கே ஒன்று நடந்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து வாங்கின 2 டிபி டிஸ்க். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். வந்தது புதுசு இல்லை, வேறு யாரோ திருப்பிக் கொடுத்ததைச் சரிபார்த்து, புது லேபிள் ஒட்டின டிஸ்க். அதற்கு வாரண்டியும் புதுசாகக் கிடையாது, பழையதில் மிச்சம் இருந்த 5 மாசம்தான். ஏழாவது மாசம் அதுவும் டிக் டிக். இப்போ என் மேசையில் பேப்பர் வெயிட்டா இருக்கு. ஆனா இந்தத் தடவை எனக்கு வயித்தைக் கலக்கலை. எல்லாத்துக்கும் இன்னொரு காப்பி இருந்தது.

வாரண்டி ஏமாற்று வேலைன்னு நான் சொல்ல வரலை. வாங்கும்போது பாருங்க, பில்லைப் பத்திரமா வைங்க, கெட்டால் தயங்காம கேளுங்க. அது டிஸ்க்குக்கான பேச்சு. உள்ளே இருக்கிறதுக்கு அந்த வாரண்டி பொருந்தாது. வாடகைக் காலத்து இன்ஜினியர்கூட டிஸ்க்கைத்தான் சரிபண்ணுவார்.

அப்பா இப்பவும் கல்யாணம் எடுக்கிறார். ரெண்டு டிஸ்க், ரெண்டும் வேற வேற சமயத்தில் வாங்கினது. ஒன்னு ஸ்டுடியோவில், ஒன்னு வீட்டு பீரோவில். பென்டிரைவை கஸ்டமர் கையில் குடுத்து, அவங்க வீட்டு டிவியில் ஓடுற வரைக்கும் கார்டை ஃபார்மட் பண்றதில்லை. கார்டுக்கு ஆகுற கூடுதல் காசை ரேட்டிலேயே சேர்த்துட்டார். கேட்டா, "அது நம்ம குடுக்குற வாரண்டி கண்ணு"ங்கிறார்.

உங்க வீட்டில் எங்கேயாவது ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் டிராயரில் கிடக்கும். இன்னைக்கு ராத்திரி எடுத்து, செருகி, வேணுங்கிறதை இன்னொரு இடத்துக்கு காப்பி பண்ணிடுங்க. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.