பூட்டின பங்க், புதைஞ்ச டேங்க்

‘கார்ஸ்’ படம் பார்த்திருப்பீங்க. பக்கத்துல புது நெடுஞ்சாலை வந்ததும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊரே காத்து வாங்கும். அந்தக் கதைக்கு அடிப்படை ரூட் 66, சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரைக்கும் போன பழைய சாலை. 1984 அக்டோபர்ல அரிசோனாவின் வில்லியம்ஸ் ஊரையும் புதுச் சாலை தாண்டிப் போச்சு. அதுதான் கடைசி ஊர். அடுத்த வருஷம் ரூட் 66 அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. படத்துல காட்டாத ஒண்ணு இருக்கு. அந்தச் சாலையோரம் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு அடியில துருப்பிடிச்ச இரும்பு டேங்குகள் அப்படியே இருந்தன. அதை யார் காசுல தோண்டி எடுக்கிறது? இன்னைக்கு நான் பேசப்போறது அந்தக் காசோட வரலாறு.

முதல்ல 1980-க்குப் போவோம். நயாகரா ஃபால்ஸ் நகரத்தின் லவ் கேனால் பகுதியில, ரசாயனக் கழிவு மேல வீடு கட்டியிருந்தது தெரியவந்து நாடே அதிர்ந்தது. அதனால வந்ததுதான் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம். ஆபத்தான கழிவு கிடக்கிற இடத்தை அரசே சுத்தம் செய்யும். பொறுப்பானவங்ககிட்ட பணத்தை வசூலிக்கும். ஆனா ‘ஆபத்தான பொருள்’ என்பதற்கான விளக்கத்துல பெட்ரோலியத்துக்கு மட்டும் விலக்கு! அந்த நிதிக்கு வரி கட்டினவங்கள்ல எண்ணெய் நிறுவனங்களும் உண்டு. அதாவது எண்ணெய் வரிப்பணம் உள்ளே வரலாம், எண்ணெய் கசிஞ்ச இடத்துக்கு அது வெளியே போகக் கூடாது. இதை முதல்முறை படிச்சப்ப நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்.

விலக்கு கொடுத்தா கசிவு நிக்குமா? ரோட் ஐலண்ட் மாநிலத்துல கேனப் பார்க் என்ற குடியிருப்பில வீட்டுக் கிணத்துத் தண்ணியில பெட்ரோல் கலந்திருந்தது. 1983-ல ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி அதை நாடு முழுக்கக் காட்டுச்சு. பெட்ரோல்ல இருக்கிற பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. 1984-ல நிலத்தடி டேங்குகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1986-ல கசிவு டேங்க் நிதியும் வந்தது. அதுக்கான வரி கேலனுக்கு 0.1 சென்ட். பத்து கேலன் போட்டா ஒரு சென்ட். வண்டி ஓட்டுற ஒவ்வொருத்தரும் தெரியாமலே கட்டின காசு அது.

அப்புறம் ஒரு கெடு. 1998 டிசம்பர் 22-க்குள்ள டேங்கைப் புதுப்பிக்கணும், இல்லைன்னா மாத்தணும், இல்லைன்னா மூடணும். பெரிய கம்பெனி சமாளிச்சுக்கும். ஒரே ஒரு பங்க் வச்சிருந்த சின்ன முதலாளி? நிறைய பேர் பூட்டிட்டுப் போயிட்டாங்க. வாங்க வர்றவங்களும் அடியில என்ன இருக்கோன்னு பயந்து ஒதுங்கினாங்க. முக்குல இருக்கிற நல்ல மனை, வருஷக்கணக்கா புல் முளைச்சுக் கிடக்கும்.

கைவிடப்பட்ட தொழில் நிலங்களுக்குன்னு 1995-ல தொடங்கின ‘பிரவுன்ஃபீல்ட்ஸ்’ உதவித் திட்டத்திலயும் பெட்ரோலிய நிலங்களுக்கு வழியில்லை. அதே பழைய விலக்குதான். கடைசியா 2002 ஜனவரி 11-ல புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் கதவைத் திறந்தது. ஆய்வுக்கும் சுத்திகரிப்புக்கும் தர்ற மானியத்துல கால் பங்கு பெட்ரோலிய நிலங்களுக்குன்னு ஒதுக்கினாங்க. நிபந்தனைகள்ல முக்கியமானவை ரெண்டு. செலவை ஏத்துக்கக்கூடிய பொறுப்பாளி யாரும் இருக்கக் கூடாது. அந்த இடம் மத்த பெட்ரோலிய இடங்களைவிட ‘ஒப்பீட்டளவில் ஆபத்து குறைஞ்சதா’ இருக்கணும். இந்த ரெண்டாவது நிபந்தனையை நீக்க 2018 வரைக்கும் ஆச்சு.

ஆய்வுன்னா எடுத்ததுமே மண்ணைத் துளைக்கிறது இல்லைங்க. முதல் கட்டம் முழுக்கக் காகித வேலை. தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் தயாரிச்ச சான்பார்ன் வரைபடங்கள்ல எங்கெங்கே பெட்ரோல் டேங்க் இருந்ததுன்னு குறிச்சிருப்பாங்க. பழைய ஊர் விவரப் புத்தகம், வான்வழிப் படம், பத்திரப் பதிவு எல்லாத்தையும் புரட்டுவாங்க. இப்ப பூக்கடையா இருக்கிற இடம் 1940-ல பங்க்கா இருந்திருக்கலாம். வரலாறு படிச்சவங்களுக்கு வேலையில்லைன்னு சொல்ற மாமாக்களுக்கு இந்த எபிசோடை அனுப்பி வைங்க. சந்தேகம் உறுதியானாதான் ரெண்டாவது கட்டமா மண்ணும் நிலத்தடி நீரும் சோதனைக்குப் போகும்.

என்னை உறுத்துறது ஒண்ணு. கசிவு டேங்க் நிதியில பணம் குவிஞ்சுகிட்டே இருந்தது. 2012-ல நாடாளுமன்றம் அதிலிருந்து 240 கோடி டாலரை எடுத்து நெடுஞ்சாலை நிதிக்கு மாத்திடுச்சு. 2015-ல இன்னொரு 30 கோடி. சுத்தம் செய்யாத இடங்கள் ஆயிரக்கணக்குல பாக்கி இருந்தப்பவே இது நடந்தது. புதுச் சாலை வந்ததால செத்த ஊர்ல, டேங்கைத் தோண்ட வச்சிருந்த காசும் சாலைக்கே போச்சு. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் பிரவுன்ஃபீல்ட்ஸுக்கு 150 கோடி டாலர் ஒதுக்குச்சு. ஆனா அதுவும் பெட்ரோலிய நிலங்களுக்கு மட்டுமான பணம் இல்லை.

அரிசோனா மாநிலச் சுற்றுச்சூழல் துறை ரூட் 66-க்குன்னே தனி முயற்சி ஆரம்பிச்சு, அந்தச் சாலையோர ஊர்கள்ல பழைய பங்க்குகளைத் தேடி, அடியில இருந்த டேங்குகளை அப்புறப்படுத்த உதவுச்சு. அங்கே போற வாய்ப்பு கிடைச்சா, பழைய பங்க் முன்னாடி செல்ஃபி எடுக்கும்போது கொஞ்சம் கீழேயும் பாருங்க. தரையில சின்ன வட்ட மூடி தெரிஞ்சா, நிலத்தடி நீரைச் சோதிக்கிற கண்காணிப்புக் கிணறா அது இருக்கலாம்.