ஒற்றைத் தலைவலியின் வரலாறு

நோய்களுள் சாட்சியுடையன சில, சாட்சியற்றன சில. காய்ச்சல் கண்டவனுக்கு உஷ்ணமானி சாட்சி. கால் புண்பட்டவனுக்குக் கட்டுத்துணி சாட்சி. ஒற்றைத் தலைவலி கண்டவனுக்கோ அவன் வாய்ச்சொல்லன்றி வேறு சாட்சி இல்லை. காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கமாட்டாமல் வீட்டின் இருட்டு மூலையில் சுருண்டு கிடந்தவள், மாலையில் எழுந்து சோறு வடிக்கக் கண்டால், “வந்தது தலைவலியா, சோம்பலா?” என்று கேட்க ஆள் பஞ்சமில்லை. பட்டணத்து ஆபீசிலும் இதே கேள்வி சற்று நாகரிகமான சொற்களில் எழும். இந்நோயின் சரித்திரத்தைப் புரட்டுவோர், இக்கேள்வி மிகப் பழையது என்பதைக் காண்பர். நோயாளி சொன்னதைச் செவிசாய்த்துக் கேட்டவர் சிலரே என்பதையும், பயன்தரும் மருந்து அச்சிலர் வழியாகவே வந்தது என்பதையும் காண்பர்.

பெயரிலிருந்து தொடங்குவோம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்றிருந்த காலென் என்னும் கிரேக்க வைத்தியர் இந்நோயை ‘ஹெமிக்ரேனியா’ என்றார். பாதி மண்டை என்பது அதன் பொருள். அச்சொல்லே பிரெஞ்சுக்காரர் நாவில் தேய்ந்து, ஆங்கிலத்துட் புகுந்து, இன்று ‘மைக்ரேன்’ என வழங்குகிறது. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி வைத்திய நூல் தலைநோய்கள் 11 எனக் கணக்கிட்டு, அவற்றுள் ஒன்றை ‘அர்த்தாவபேதகம்’ என்கிறது. பாதியைப் பிளப்பது என்பது கருத்து. நம்மவர் ஒற்றைத் தலைவலி என்றனர். மூன்று மொழியாரும் நோயாளி தொட்டுக் காட்டிய இடத்தைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றனர். ஆயினும் பலருக்கு இருபுறமும் வலிப்பதுண்டு. பெயரை மட்டும் நம்பி, ‘எனக்கு இரு பக்கமும் வலிக்கிறது, ஆகையால் இது அதுவன்று’ என்று முடிவு கட்டலாகாது. அரேட்டியஸ் என்னும் மற்றொரு பழைய கிரேக்க வைத்தியர், இந்நோயினர் வெளிச்சத்திற்கு அஞ்சி ஒளிவதையும், இருள் அவர்க்கு ஆறுதல் தருவதையும் குறித்து வைத்தார். இக்கால வைத்திய நூல்களும் அதையே சொல்லி, குமட்டலையும் சத்தம் பொறாமையையும் சேர்த்து, மருந்தில்லாவிடில் வலி 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கும் என்று கணக்கும் கொடுக்கின்றன.

பெயரிடுவதில் இருந்த கூர்மை பரிகாரத்தில் இல்லை. தலைநோய்க்குப் புருவத்திலும் நெற்றியிலும் பொட்டிலும் சூடு போடச் சொல்கிறது சுசுருத நூல். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்துக் கார்டோவாவில் விளங்கிய அல் ஜஹ்ராவி என்னும் அரபு வைத்தியரும் காய்ச்சிய இரும்பை வைக்கச் சொன்னார். அல்லது பொட்டைக் கீறித் தோலுக்கடியில் பூண்டைச் செருகச் சொன்னார். இவர் சாமானியர் அல்லர். இவருடைய அறுவை வைத்திய நூலை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பாடமாக ஓதினர். இவற்றை நோக்க, நம் பாட்டிமார் போட்ட சுக்குப் பற்றும், நொச்சியிலை ஆவியும் எவ்வளவோ கருணையுடையன!

இந்நோயின் சரித்திரத்தில் ஒரு பெண்மணியின் கதை தனியே சொல்லத் தக்கது. ஆன் கான்வே என்பது அவர் பெயர். 1631-இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் பாராளுமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர். மகள் பிறக்குமுன் மாண்டுபோனார். ஏறக்குறைய 12 வயதில் அப்பெண்ணுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயிற்று; தலைவலி வந்தது. வந்த வலி அவர் 47 வயதில் இறக்கும்வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருந்தது. செல்வத்திற்குக் குறைவில்லாத குடும்பமாதலின் அக்காலத்துப் பெரிய வைத்தியர்களின் யோசனையெல்லாம் கிடைத்தது. இரத்தம் உடலைச் சுற்றியோடுவதைக் கண்டு சொன்ன வில்லியம் ஹார்வியே, மண்டையோட்டில் துளையிடலாம் என்றார். 1656-இல் அம்மையார் அதற்கும் துணிந்து கடல் கடந்து பிரான்சுக்குச் சென்றார். அங்குள்ள வைத்தியர் மண்டையைத் துளையாமல், இரத்தக் குழாய்களைத் திறந்து குருதி வடித்து அனுப்பினர். வலி நிற்கவில்லை. பாதரச மருந்தும் பார்த்தாயிற்று. 1666-இல், கையால் தடவியே பிணி தீர்ப்பவர் என்று பேர்பெற்றிருந்த வாலண்டைன் கிரேட்ரேக்ஸ் என்பவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்தனர். சுற்றுப்புறத்து ஏழை எளியவர் பலர் அவர் கைபட்டு நலமடைந்தோம் என்றனர். அழைத்த வீட்டுக்காரிக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

மூளையின் அடியிலுள்ள இரத்தக்குழாய் வளையத்திற்குத் தம் பெயரையே விட்டுச்சென்ற தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியரும் இவ்வம்மையாரைப் பார்த்தவரே. அவர் 1672-இல் வெளியிட்ட நூலில், பெயர் குறிப்பிடாமல் ஒரு சீமாட்டியின் தலைவலியை விரித்துரைத்து, செய்த சிகிச்சைகளை எல்லாம் எழுதி, அவற்றால் பயனில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். தம் தோல்வியை அச்சிடும் வைத்தியர் எக்காலத்திலும் அரியர். அவர் நோயாளியை நம்பினார் என்பதற்கு அந்தப் பக்கங்களே அத்தாட்சி.

பெண்களுக்குச் சர்வகலாசாலை திறவாத காலம் அது. கான்வே அம்மையார் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹென்றி மோருடன் கடிதம் வழியாகவே தத்துவம் பயின்றார். வலி விட்ட இடைவெளிகளில் ஒரு குறிப்புப் புத்தகத்தில் தம் எண்ணங்களை எழுதி வைத்தார். அவர் 1679-இல் இறந்தபின், 1690-இல் அது ஆம்ஸ்டர்டாமில் இலத்தீனில் அச்சேறிற்று; ஆசிரியர் பெயர் போடவில்லை. ஆன்மா வேறு, உடல் வேறு என்று டெக்கார்ட்டே முதலியோர் சாதித்துக்கொண்டிருந்த நாளில், அவை அவ்வாறு முற்றும் வேறாயின் உடல் நோகும்போது ஆன்மா ஏன் துன்புற வேண்டும் என்று அந்நூல் கேட்கிறது. ஏட்டுக் கல்வியால் மட்டும் எழுந்த வினா அன்று அது. ஜெர்மானிய ஞானி லைப்னிட்ஸ் அவ்வம்மையாரின் கருத்துக்களை மதித்துப் போற்றினார்.

பின் இருநூறு ஆண்டுகளில் சொல்லத்தக்க மாறுதல், நோயாளிகளாகிய விஞ்ஞானிகள் தம்மைத் தாமே கவனிக்கத் தொடங்கியதுதான். சிலருக்கு வலி வருமுன் கண்ணில் ஒரு பொறி தோன்றி, வாள்பல் போன்ற கோடுகளாய் மினுங்கி விரிந்து, சுமார் 20 நிமிடத்தில் மறையும். 1870-இல் ஹூபர்ட் ஏரி என்னும் ஆங்கில வைத்தியர், தம் கண்ணில் தோன்றிய அக்காட்சியைக் கோட்டை மதிலுக்கு ஒப்பிட்டுப் படமாக வரைந்து வெளியிட்டார். அரசாங்க வானநூலறிஞரான அவர் தந்தையாரும் அதே காட்சியைத் தாம் கண்டதாக 1865-இல் எழுதியிருந்தார். 1873-இல் எட்வர்டு லிவிங் என்பவர் இந்நோய்க்கென்றே ஒரு பெருநூல் எழுதி, இது ‘நரம்புப் புயல்’ என்றார். 1941-இல் அமெரிக்க அறிஞர் லாஷ்லி, தம் கண்முன் விரிந்த கோடுகளின் வேகத்தை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது என்று கணக்கிட்டார். மூன்றாண்டு கழித்து, பிரேசில் நாட்டு இளைஞர் லியாவோ முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஓர் ஒடுக்க அலையைக் கண்டார்.

மருந்தின் கதை வேறு வழியாக வந்தது. ரை என்னும் தானியக் கதிரில் ஒருவகைக் காளான் பற்றும். அது கலந்த ரொட்டியைத் தின்றவர்களின் கைகால்கள் எரிந்து கறுத்து அழுகின. மத்தியகால ஐரோப்பாவில் அதனை அந்தோணியார் நெருப்பு என்றனர். அந்த நஞ்சிலிருந்து 1918-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் கம்பெனியின் ஆர்தர் ஸ்டோல் ‘எர்கோட்டமைன்’ என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளில் அது ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாயிற்று. 1938-இல் நியூயார்க்கில் கிரஹாம், உல்ஃப் என்னும் இருவர், அது பொட்டிலுள்ள நாடியின் துடிப்பைத் தணிப்பதையும், துடிப்புக் குறையக் குறைய வலியும் குறைவதையும் அளந்து காட்டினர். அதுமுதல் நோய்க்குக் காரணம் இரத்தக்குழாய் விரிவே என்பது நெடுநாள் கொள்கையாக நின்றது. இதே உல்ஃப், இந்நோயினர் பேராசையும் பிடிவாதமும் மிக்க ஒருவகைச் சுபாவத்தினர் என்றும் எழுதினார். அவருக்கும் இந்நோய் உண்டு! சோம்பேறி என்று பழித்த உலகம் இப்போது மிதமிஞ்சிய உழைப்பாளி என்று பழித்தது. இரண்டிலும் குற்றம் நோயாளியின் தலையிலேயே விழுந்தது.

1960-களில், இருதய நோய்க்குக் கொடுத்த ‘புரோப்ரனலால்’ தலைவலி வருவதையும் குறைப்பது தற்செயலாகத் தெரிந்தது. விலை மலிவான அம்மாத்திரை, ஆஸ்துமா முதலிய தடைகள் இல்லாதவர்க்கு இன்றும் தடுப்பு மருந்தாகப் பயன்படுகிறது. 1991-இல், இங்கிலாந்தின் கிளாக்சோ கம்பெனியில் பேட்ரிக் ஹம்ப்ரி குழுவினர் ஆக்கிய ‘சுமாட்ரிப்டான்’ விற்பனைக்கு வந்தது. வலி தொடங்கிய உடனே உட்கொண்டால் பலருக்கு இரண்டு மணி நேரத்துள் எழுந்து நடமாட இயலும். இருதயக் குழாய் நோயுள்ளவர்க்கு அது ஆகாது.

1990-இல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்னும் இருவர், வலி வந்திருக்கும் நேரத்தில் நோயாளிகளின் கழுத்து இரத்தநாளத்திலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்துச் சோதித்து, சி.ஜி.ஆர்.பி. என்னும் நரம்புப் பொருள் அதில் மிகுந்திருப்பதைக் கண்டனர். பாரிஸ் வைத்தியர் 1656-இல் பாத்திரத்தில் வடித்துக் கொட்டியதும் குருதிதான். அதைக் கேள்வி கேட்க 334 ஆண்டுகள் சென்றன. அப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மற்றைத் தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் பிற நோய்களுக்கென வந்து இந்நோய்க்குத் திருப்பப்பட்டிருக்க, இவ்வூசிகள் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டன. எனினும் எல்லாரும் குணமடைவதில்லை. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வலி நாட்கள் பாதியாகக் குறைகின்றன. விலையோ தொழிலாளி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் தலைவலி என்றதும் கை போவது தைலத்திற்கு. ரங்கூனில் பிறந்த புலித் தைலத்தை ஆ பூன் ஹா 1926-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். 1893-இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனமும், கோடாலித் தைலமும் நம் வீட்டு அலமாரிகளில் இடம் பிடித்தன. நெற்றிக்குக் குளிர்ச்சி தரும். உள்ளே நடக்கும் புயலை அவை நிறுத்தமாட்டா. அடுத்துக் கை போவது வலி மாத்திரைக்கு. இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களுக்கு மேலும், டிரிப்டான், எர்கோட்டமைன் வகைகளை 10 நாட்களுக்கு மேலும் மூன்று மாதத்திற்கதிகமாகத் தொடர்ந்து தின்போருக்கு, மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். கடைப் பையில் மாத்திரையும் கண்ணில் கண்ணீருமாய்த் திரிவோர் பலர் இதனை அறியார். அவர்க்கு வேண்டியது அதிக மாத்திரையன்று, வைத்தியர் மேற்பார்வையில் தடுப்பு மருந்து.

ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இந்நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதி. மாதவிலக்கை ஒட்டி வருவது சாதாரணம். வேளைக்கு உண்ணாமை, தூக்கம் கெடுதல், வெயிலின் கூச்சம், விரதம் ஆகியவை பலருக்கு வலியைக் கிளப்பும். விடியுமுன் வெறுவயிற்றோடு பால் வெட்டப் போகிறவளுக்கு இவை எல்லாம் ஒருங்கே வாய்க்கின்றன. எத்தனை நாள் வலித்தது என்று வைத்தியர் கேட்டால், “எப்போதும்தான்” என்று விடை சொல்வது நம் வழக்கம். தேதி, வலித்த நேரம், உண்டது, உறங்கியது, தின்ற மாத்திரை, மாதவிலக்கு ஆகியவற்றை இரண்டு மாதம் ஒரு சிறு நோட்டில் குறித்துக் கொண்டுபோனால், வைத்தியருக்குச் சாட்சி கிடைத்துவிடும். இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்திற்கு ஏறும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்த தலைவலி, கைகால் விழுந்த அல்லது நாக் குழறிய தலைவலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி ஆகியவற்றுக்கு நோட்டு வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.