நஞ்சராயன் குளம்: பாசன நீர்நிலை பறவைகளின் தீவான வரலாறு

லடாக்கின் சோ மொரிரி ஏரி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் ஆளற்ற சிறு திட்டுகளில் கோடைதோறும் வரித்தலை வாத்துகள் கூடு கட்டுகின்றன. சீனாவின் சிங்ஹாய் ஏரியிலும் மங்கோலியாவின் ஏரிகளிலும் இவை குஞ்சு பொரிக்கின்றன. நரியும் நாயும் எளிதில் எட்ட முடியாத இடம் என்பதால் நீர் சூழ்ந்த திட்டுகளை இவை விரும்புகின்றன. குளிர் தொடங்கியதும் இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. 7,000 மீட்டருக்கும் மேலே இவை பறந்ததை, உடலில் பொருத்திய கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படி வருபவற்றில் ஒரு பகுதி கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறது. இன்னொரு பகுதி இறங்கும் இடம், பனியன் கம்பெனிகளின் ஊரான திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளம்.

ஊத்துக்குளி வட்டத்தில், சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி 125.865 ஹெக்டேரில், அதாவது 310 ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில் இக்குளம் கிடக்கிறது. மக்ஆர்தரும் வில்சனும் 1967இல் வெளியிட்ட தீவு உயிர்ப்புவியியல் கோட்பாடு, கடல் நடுவேயுள்ள நிலத்தை மட்டும் விளக்குவதல்ல. சுற்றிலும் வாழத் தகாத பரப்பு சூழ்ந்து, நடுவே எஞ்சி நிற்கும் எந்த வாழிடத்துக்கும் அது பொருந்தும் என்று பின்வந்த சூழலியலாளர்கள் காட்டினார்கள். நீர்ப்பறவையின் பார்வையில் திருப்பூரைச் சுற்றியுள்ள நிலம் கட்டடங்களும் சாலைகளும் காய்ந்த மேட்டுக்காடுகளும்தான். அதன் நடுவே இக்குளம் ஒரு தீவு. ஆனால் கட்டியவர்கள் இதைப் பறவைக்காகக் கட்டவில்லை. உழவுக்குக் கட்டிய குளம் எப்படிப் பறவைகளின் புகலிடமானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் இக்குளத்தைச் சீரமைத்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவன் கட்டியதாக அல்ல, பழுது பார்த்ததாகவே மரபு சொல்கிறது. எனவே குளம் அவனுக்கும் முந்தையது என்று கொள்ள இடமிருக்கிறது. அருகிலேயே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சுக்ரீஸ்வரர் கோயில், இவ்வூரின் பழமைக்குச் சாட்சி. குளத்துக்கு நீர் தருவது நல்லாறு. அவிநாசிப் பக்கமிருந்து திருமுருகன்பூண்டி வழியாக வந்து நொய்யலில் சேரும் சிற்றாறு அது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் பெருகும், இல்லையேல் வறளும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலின் படுகை முழுவதும் இப்படித்தான்: ஓரிரு வெள்ளத்தைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் செலவழிக்கும் குளங்களின் தொடர்.

1920களில் பனியன் பின்னல் திருப்பூருக்கு வந்தது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிய பிறகுதான் தண்ணீரின் கதை மாறியது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பு நிறையக் கொட்ட வேண்டும், சமையல் உப்பாகவோ கிளாபர் உப்பாகவோ. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு நிறத்தை நீக்கலாம். கரைந்த உப்பை அந்த வழியில் நீக்க முடியாது. நொய்யல் கரை விவசாயிகளின் கிணறுகள் கெட்டதற்கு நிறத்தைவிட இந்த உப்பே பெரிய காரணம். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசியது.

இதே படுகையிலுள்ள ஒரத்துப்பாளையம் அணையை நஞ்சராயன் குளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும். சங்க காலத்தில் மணிகள் செய்து தூரதேசங்களோடு வணிகம் நடத்திய கொடுமணலுக்கு அருகே, 1992இல் அந்த அணை திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். சாயப்பட்டறைகள் பெருகிய அதே ஆண்டுகளில், அவற்றுக்குக் கீழே, நொய்யலின் குறுக்கே எழுந்த அணை அது. மழைநீரைத் தேக்கக் கட்டிய சுவர் கழிவைத் தேக்கியது. சில ஆண்டுகளுக்குள் ஆயக்கட்டு விவசாயிகள் அந்தத் தண்ணீரை வயலுக்கு விடவே அஞ்சினார்கள். தங்கள் பெயரில் கட்டப்பட்ட அணைக்கு எதிராக விவசாயிகளே நீதிமன்றம் போக நேர்ந்தது, கொங்கு நாட்டுப் பாசன வரலாற்றின் மிகத் துயரமான அத்தியாயம் என்று நான் கருதுகிறேன்.

2006இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேற்றும் பட்டறைகள் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும் ஆயக்கட்டுதாரர்கள் பக்கமே நின்றது. 2011 ஜனவரி 28ஆம் தேதி, கழிவுநீரை வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அதன் பிறகே, கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்து, தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தும் முறை திருப்பூரில் வேரூன்றியது. இந்த முறைக்கு விலை கொடுத்தவர்களில் தொழிலாளர்களும் உண்டு.

நஞ்சராயன் குளம் நொய்யலின் குறுக்கே இல்லாமல் கிளையாற்றில் இருந்தது அதற்கு வாய்த்த நற்பேறு. நல்லாறும் தூய்மையாக வரவில்லை. வழியெங்கும் வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் சேர்ந்தன. ஆனால் வீட்டுச் சாக்கடை உப்பைப்போல் வெறுமனே தங்கிவிடுவதில்லை. அதிலுள்ள சத்தில் பாசி வளர்கிறது, சேற்றில் புழுக்கள் பெருகுகின்றன, மீன் கொழுக்கிறது. மழையை மட்டும் நம்பியிருந்தால் கோடையில் வறண்டிருக்கக்கூடிய குளத்துக்கு நகரத்தின் கழிவு தொடர்ந்து நீரும் இரையும் கொடுத்தது. சரணாலயம் உருவானதில் நகரத்தின் அக்கறையின்மைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சங்கடமான முடிவு. கிடைக்கும் சான்றுகள் அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன.

குளிர்கால விடியலில் கரையில் நின்றால் இந்த இரைவளம் கண்முன்னே தெரியும். தட்டைவாயன் வாத்துகள் கும்பலாகச் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. அந்தச் சுழலில் மேலெழும் நுண்ணுயிர்களை, கரண்டி போன்ற அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்களால் வடித்து எடுக்கின்றன. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள் நீர்த்தாவரங்களைப் பிடுங்குகின்றன. நீலத் தாழைக்கோழி நாணல் தண்டைக் காலால் பிடித்துத் தின்கிறது. கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் மீனுக்கு வருகின்றன. தலையின் பின்புறம் இரண்டு கருங்கோடுகள் கொண்ட வரித்தலை வாத்துகளோ புல்மேயும் பறவைகள். நீரில் ஓய்ந்துவிட்டு மேய்ச்சலுக்குப் புல்தரைகளையும் வயல்களையும் தேடிப் போகின்றன. எனவே கரையைத் தாண்டியுள்ள நிலமும் அவற்றுக்கு வேண்டும்.

இவற்றை ஆண்டுக்கணக்கில் எண்ணிக் குறித்து வைத்தவர்கள் திருப்பூர் இயற்கைக் கழகத்தாரும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களும். 191 பறவையினங்கள், 87 வண்ணத்துப்பூச்சி இனங்கள், 21 ஊர்வன, 11 சிறு பாலூட்டிகள் இங்கே பதிவாகியுள்ளன. பதிவு இல்லாமல் சட்டப் பாதுகாப்பு இல்லை. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக இக்குளம் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் கழுவேலிச் சதுப்புநிலத்தோடு சேர்ந்து, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அப்போது இந்தியாவின் ராம்சார் தலங்கள் 85 ஆயின.

சட்டம் காப்பது 125.865 ஹெக்டேரை. குளத்தின் உயிர் இருப்பது அந்த எல்லைக்கு வெளியே, நல்லாற்றின் நீர்ப்பிடிப்பில். அங்கே கழிவு பெருகினால் ஆகாயத்தாமரை பரவி நீரின் மேற்பரப்பை மூடும். கழிவை வேறு பக்கம் திருப்பிவிட்டால் கோடையில் குளம் வறளும். ஆகவே சாக்கடையை மட்டும் நிறுத்துவது போதாது. மாநகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பின் அளவைச் சோதித்து, நல்லாற்றிலேயே திரும்ப விட வேண்டும். உப்பைப் பிரித்தெடுக்கும் நுட்பத்தில் திருப்பூருக்கு இருக்கும் அனுபவம் இந்தியாவில் வேறு எந்தத் துணி நகருக்கும் எளிதில் வாய்க்காதது. அந்த அனுபவம் இன்னும் பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது. குளத்தின் மேலாண்மைத் திட்டத்தை எழுதும்போது வனத்துறையும் மாநகராட்சியும் சாயப்பட்டறையாளர்களையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும்.