கடலூரில் ஒரு கல்யாணம், லண்டனில் ஒரு நாவல்

1811 அக்டோபர் 30 அன்று லண்டனில் தாமஸ் எகெர்ட்டன் என்ற பதிப்பாளர் மூன்று பாகங்களில் ஒரு நாவலை வெளியிட்டார். விலை 15 ஷில்லிங். எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு பெண்மணி' என்று மட்டும் அச்சாகியிருந்தது. அதுதான் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. ராஜீவ் மேனன் 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படமாக எடுத்த அதே கதை.

இந்த நாவல் பிறந்த கதையை ஜேன் வாழ்ந்த ஹாம்ப்ஷயர் கிராமத்தில் தொடங்குவார்கள். எனக்கு அது நம் கடற்கரையில் தொடங்குவதாகவே படுகிறது.

ஜேனின் அத்தை பிலடெல்ஃபியா, அப்பாவின் அக்கா. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழகியவர். 1752 ஜனவரியில், 21 வயதில், 'பாம்பே காசில்' கப்பலேறி ஆகஸ்டில் சென்னையில் இறங்கினார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் என்று கம்பெனிகள் கரையைப் பங்கு போட்டிருந்த காலம். கம்பெனி வெள்ளைக்காரர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. சீதனத்துக்கு வழியில்லாத வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஊரில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கப்பல் பயணம். ஆறே மாதத்தில், 1753 பிப்ரவரியில், செயின்ட் டேவிட் கோட்டை மருத்துவர் டைசோ சால் ஹான்காக்குக்கும் அவருக்கும் கடலூரில் திருமணம் நடந்தது.

ஜேன் 16 வயதில் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட 'கேத்தரின்' கதையில், அனாதைப் பெண்ணொருத்தி வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, பிடிக்காத ஒருவருக்கு மனைவியாகிறாள். அத்தையை நினைத்துத்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யும் அதே கேள்வியில்தான் நிற்கிறது: அப்பா போய்ச் சொத்தும் கைவிட்டுப் போன பெண்கள் எப்படி வாழ்வது? அதில் வரும் கர்னல் பிராண்டன் கிழக்கிந்தியாவில் படையில் இருந்து திரும்பியவர். அவர் காதலித்து இழந்தவளின் பெயர் எலைசா.

பிலடெல்ஃபியாவின் மகள் பெயரும் எலைசாதான். 1761இல் கல்கத்தாவில் பிறந்தவள். ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். முதல் கணவர் பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குப் பலியானார். 1797இல் ஜேனின் அண்ணன் ஹென்றி, தன்னைவிடப் பத்து வயது மூத்த இந்த அத்தை மகளை மணந்தார். 1811 ஏப்ரலில் ஜேன் அச்சுப்படி திருத்தியது லண்டன் ஸ்லோன் தெருவில், இவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான். பதிப்பாளரிடம் பேசும் வேலையை ஹென்றி பார்த்துக்கொண்டார்.

அதற்கு முன் ஜேன் பட்டது கொஞ்சமில்லை. 1797இல் ஜேனின் இன்னொரு நாவலுக்காக அவருடைய அப்பா ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டபோது, கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலேயே மறுத்துவிட்டார்கள். 1803இல் இன்னொருவர் வேறொரு நாவலை 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமலே போட்டு வைத்தார். எகெர்ட்டனும் தன் பணத்தைப் போடவில்லை. நஷ்டம் வந்தால் ஜேன் தலையில்தான். வரக்கூடிய நஷ்டத்துக்கென்று தன் சொற்ப வருமானத்திலிருந்து ஜேன் பணம் எடுத்து வைத்திருந்ததாக ஹென்றி பின்னாளில் எழுதினார். சொந்தமாக வருமானம் ஈட்ட வழியில்லாத ஒரு பெண் தன் எழுத்தை நம்பிச் செய்த காரியம் இது. இதைப் படிக்கும்போதெல்லாம் அவர்மேல் மரியாதை கூடுகிறது.

1813 நடுவில் முதல் பதிப்பு தீர்ந்தது. கையில் நின்ற லாபம் 140 பவுண்டு.

ஆனால் அது தெரியவருவதற்குள், 1812 கடைசியில், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை முழு உரிமையோடு அதே எகெர்ட்டனுக்கு 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். ஜேன் கேட்டது 150. அந்த நாவல் 1813 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டே இரண்டாம் பதிப்பும் கண்டது. அதில் ஒரு காசுகூட ஜேனுக்குச் சேரவில்லை.